யாருடையதை விட்டுக்கொடுப்பது?

வேண்டியது அறுபது வாக்கு. கையில் இருப்பதும் சரியாக அறுபது. அப்படியென்றால் அந்த அறுபது பேரில் ஒவ்வொருவர் பிடியிலும் மசோதாவின் உயிர் இருக்கிறது. 2009 டிசம்பரில் அமெரிக்க செனட்டில் ஜனநாயகக் கட்சி இருந்த நிலை இதுதான். குடியரசுக் கட்சியிலிருந்து ஒருவர்கூட வரப்போவதில்லை என்று தெரிந்துவிட்டது. பிறகு ஒபாமாகேர் என்று உலகம் அறிந்துகொண்ட சட்டத்துக்கான பேரம் முழுவதும் ஒரே அணிக்குள் நடந்தது.

முதலில் பலியானது, தனியார் நிறுவனங்களோடு போட்டியிட அரசே நடத்தும் காப்பீடு. கனெக்டிகட் செனட்டர் ஜோ லீபர்மன் அதை ஏற்கவில்லை. அதற்கு மாற்றாக, 55 வயதானவர்களும் பணம் கட்டி, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் சேரலாம் என்று ஒரு யோசனை வந்தது. சில மாதங்களுக்கு முன்பு அவரே வரவேற்றுப் பேசிய யோசனை அது. அதையும் மறுத்தார், அதுவும் போயிற்று. நெப்ராஸ்காவின் பென் நெல்சன் வாக்களிக்க, அவருடைய மாநிலத்துக்கு மட்டும், ஏழைகளுக்கான மெடிகெய்ட் காப்பீட்டின் விரிவாக்கச் செலவை மத்திய அரசே ஏற்கும் என்று ஒரு தனிச்சலுகை எழுதப்பட்டது. ஊரே காறித் துப்பியதில் அது பின்னர் நீக்கப்பட்டது. டிசம்பர் 24 காலை, 92 வயது ராபர்ட் பேர்டைச் சக்கர நாற்காலியில் அவைக்கு அழைத்துவந்தார்கள். ஆகஸ்டில் இறந்துபோன நண்பர் எட்வர்ட் கென்னடியின் பெயரைச் சொல்லித் தன் வாக்கை அளித்தார். 60-க்கு 39 என்று மசோதா தேறியது.

இவ்வளவையும் இழந்து ஒரு சட்டத்தை நிறைவேற்றியது சரிதானா? கட்சியின் முன்னாள் தலைவரும் மருத்துவருமான ஹோவர்ட் டீன், இந்த மசோதாவைக் கைவிட்டு மீண்டும் தொடங்குங்கள் என்று அந்த டிசம்பரிலேயே சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது: காப்பீட்டு நிறுவனங்களின் பிடி தளராமல், அந்த நிறுவனங்களிடமே போய்க் காப்பீடு வாங்கும்படி மக்களைக் கட்டாயப்படுத்துவது என்ன சீர்திருத்தம்? ஆனால் மறுபக்கத்தில் நாலரைக் கோடிக்கும் அதிகமானோர் எந்தக் காப்பீடும் இல்லாமல் இருந்தார்கள். ஒருமுறை புற்றுநோய் வந்தவர் தனியாகக் காப்பீடு கேட்டுப் போனால், அந்த நோயையே காரணம் காட்டி நிறுவனம் அவரைத் திருப்பி அனுப்பலாம் என்ற நிலை இருந்தது. இதைச் சட்டம் தடுத்தது. 1970களில் அதிபர் நிக்சன் முன்வைத்த காப்பீட்டுத் திட்டத்தை, இன்னும் நல்லது கிடைக்கும் என்று நம்பி ஏற்காமல் விட்டதைக் கென்னடி தம் பிற்காலத்தில் எண்ணி வருந்தியதாகச் சொல்வார்கள். அந்த இன்னும் நல்லது வர ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று.

கொள்கையா பலனா என்று இதை இரண்டு தட்டில் வைத்து நிறுப்பதுதான் வழக்கம். அந்தத் தராசு போதாது. விட்டுக்கொடுப்பவர் யாருடையதை விட்டுக்கொடுக்கிறார் என்பதை அது கேட்பதே இல்லை. தன் பதவியையோ பெயரையோ ஒருவர் இழக்கத் துணிந்தால் அது தியாகம். மேசையில் இடமில்லாத ஒருவரின் உரிமையை எடுத்துக் கொடுத்துவிட்டு அதையும் தியாகம் என்றே சொல்லிக்கொண்டால் அது அறமாகாது.

முதல் வகைக்கு டாம் பெரியெல்லோ. 2008-ல் வர்ஜீனியாவின் ஒரு பிரதிநிதிகள் சபைத் தொகுதியில் வெறும் 727 வாக்கு வித்தியாசத்தில் வென்றவர். ஆதரித்து வாக்களித்தால் பதவி போகும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. வாக்களித்தார், 2010 நவம்பரில் தோற்றார். அதே சபையின் டென்னிஸ் குசினிச் இழந்தது வேறொன்று. அனைவருக்கும் ஒரே அரசுக் காப்பீடு என்பதே அவர் அரசியல். அதில் குறைந்தது எதுவும் வேண்டாம் என்று 2009 நவம்பரில் எதிர்த்து வாக்களித்தவர், 2010 மார்ச்சில் வழிக்கு வந்தார். பல்லாண்டு காத்த பிடிவாதத்தை எல்லோர் முன்னும் கீழே வைப்பது அரசியலில் எளிதல்ல.

பார்ட் ஸ்டூபாக் விஷயம் இவ்வளவு நேரானதல்ல. மிச்சிகனைச் சேர்ந்த இவர் கருக்கலைப்பைப் பாவமாகக் கருதும் கத்தோலிக்கர். அரசு மானியம் பெறும் எந்தக் காப்பீட்டிலும் கருக்கலைப்பு அடங்கக் கூடாது என்று அவர் கொண்டுவந்த திருத்தம், 64 ஜனநாயகக் கட்சியினர் ஆதரவோடு 2009 நவம்பரில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. செனட் மசோதாவில் அவ்வளவு கடுமை இல்லை. கடைசியில், 2010 மார்ச் 21 அன்று, ஒபாமாவின் நிர்வாக ஆணை ஒன்றை ஏற்று இறங்கிவந்தார். அன்றிரவு அவர் பேசும்போது எதிர்வரிசையிலிருந்து குழந்தைக் கொலைகாரன் என்ற கூச்சல் எழுந்தது. பெண்ணுரிமைக் குழுக்களும் அவரை மன்னிக்கவில்லை. அடுத்த மாதமே மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்தார். தன் மனச்சாட்சிக்காக அவர் கொடுத்த விலை உண்மையானது. அதை மதிக்க வேண்டும். ஆனால் அதற்கு முன் அவர் கேட்ட விலை ஏழைப் பெண்களின் தலையில் விழுந்தது. பணம் படைத்தவள் தன் காசில் சிகிச்சை பெற்றுக்கொள்வாள். மானியத்தை நம்பி இருப்பவள் என்ன செய்வாள்? அவளைக் கேட்டு யாரும் கையெழுத்திடவில்லை.

அவளுக்காவது வாக்கு இருந்தது. ஆவணமில்லாக் குடியேறிகளுக்கு அதுவும் இல்லை. இச்சட்டம் உருவாக்கிய காப்பீட்டுச் சந்தையில் அவர்கள் தங்கள் சொந்தப் பணத்தைக் கொடுத்தும் காப்பீடு வாங்க இடம் தரப்படவில்லை. அரசுக்கு ஒரு காசும் செலவில்லாத இடத்தில் இப்படிக் கதவடைத்ததற்கு, அவர்களுக்காகப் பேசினால் வாக்கு குறையும் என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை. அந்த மசோதாவில் மிகக் கூசவைக்கும் பகுதி இதுதான். நெப்ராஸ்கா சலுகைக்கு எழுந்த கூக்குரலில் நூற்றில் ஒரு பங்குகூட இதற்கு எழவில்லை.

ஆகவே மசோதாவைத் தோற்கடித்திருக்க வேண்டுமா என்றால், இல்லை. 2016-க்குள் காப்பீடில்லாதோர் தொகை மூன்று கோடிக்கும் கீழே இறங்கியது. தோற்கடித்திருந்தால், அப்படிக் காப்பீடு பெற்றவர்கள் கைகளில் ஒன்றும் இருந்திருக்காது. விடப்பட்டவர்களுக்கும் எதுவும் கிடைத்திருக்காது. 219-க்கு 212 என்று மார்ச் 21 இரவு பிரதிநிதிகள் சபையில் மசோதாவை நிறைவேற்றியவர்கள் சரியாகவே வாக்களித்தார்கள். ஆனால் வென்ற கையோடு அவர்கள் ஒரு கடனையும் ஏற்றுக்கொண்டார்கள். வெளியே நிறுத்தப்பட்டவர்களிடம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னவர், அந்தப் பிறகு வரும்வரை ஓய்வெடுக்க உரிமையற்றவர்.

அப்படிப்பட்ட கடன் தீர எவ்வளவு காலமாகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: மருந்து நிறுவனங்களோடு 2009-ல் செய்த உடன்பாட்டில் மெடிகேர் மருந்து விலையைப் பேரம் பேசும் அதிகாரம் கைவிடப்பட்டது. அது 2022-ல்தான் சட்டமாயிற்று, அதுவும் மீண்டும் ஒரு கட்சிக்குள்ளேயே நடந்த நீண்ட இழுபறிக்குப் பிறகு. அப்படிப் பேசி முடித்த முதல் பத்து மருந்துகளின் விலை நடைமுறைக்கு வந்தது 2026 ஜனவரியில். இடைப்பட்ட ஆண்டுகளில் முழுவிலை கொடுத்து மாத்திரை வாங்கிய முதியவர்களும், வாங்க முடியாமல் பாதியாய் உடைத்து விழுங்கியவர்களும் உண்டு. ஆவணமில்லாதவர்களுக்கு அந்தக் காப்பீட்டுச் சந்தையின் கதவை மத்தியச் சட்டம் இன்னும் திறக்கவில்லை.