பதறும் மனத்துக்கு உடலின் வழி

அஞ்சும் மனத்தை மனத்தாலேயே அமைதிப்படுத்த முடியுமா, உடலையும் மூச்சையும் பற்றிக்கொண்டுதான் அதனிடம் போக வேண்டுமா என்பது யோக மரபின் பழைய கேள்வி. பகவத் கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் மனம் அடங்காது என்று அர்ச்சுனன் முறையிடும்போது கண்ணன் அதை மறுப்பதில்லை. இடைவிடாப் பயிற்சியாலும் பற்றின்மையாலும் அது கைகூடும் என்கிறான். பதஞ்சலியின் யோக சூத்திரமும் இந்த இரண்டையே வழியாகக் காட்டுகிறது.

பதஞ்சலி முதற் பாதத்தில் மனத்தைச் சிதறடிக்கும் ஒன்பது தடைகளைச் சொல்லி, அவற்றோடு கூடவே வரும் நான்கையும் குறிக்கிறார்: துன்பம், மனச்சோர்வு, உடல் நடுக்கம், சீர்கெட்ட மூச்சு. இன்று பதற்றத்தோடு மருத்துவரிடம் போகிறவர் சொல்லும் அறிகுறிகளும் ஏறக்குறைய இவைதான். மனத்தின் வாட்டமும் கைகால் நடுக்கமும் ஒரே வரிசையில் இடம்பெறுவதற்குத் தத்துவக் காரணம் உண்டு. யோகத்துக்கு அடித்தளமான சாங்கியத்தில் மனம், உடல் இரண்டுமே பிரகிருதி என்னும் மூல இயற்கையின் விளைவுகள். மனம் நுண்மையானது, உடல் பருமையானது, அவ்வளவே வேறுபாடு. இவற்றிலிருந்து உண்மையில் வேறானது, காணும் சாட்சியாகிய புருடன் மட்டுமே. ஆகவே, உடலில் செய்யும் ஒரு செயல் மனத்தை எப்படித் தொடும் என்ற சிக்கல் இந்தத் தரிசனத்தில் எழுவதே இல்லை.

அச்சத்தின் வேரையும் பதஞ்சலி தொடுகிறார். மனத்தை வருத்தும் ஐந்து கிலேசங்களில் கடைசியானது அபிநிவேசம், அதாவது உயிரை விடாது பற்றிக்கொள்ளும் அச்சம். அது கற்றறிந்தவரையும் விடுவதில்லை என்கிறார். பதற்றம் கோழைத்தனமோ பக்திக் குறைவோ அல்ல என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. பதறுகிறவரிடம் ‘தைரியமாக இரு’ என்று சொல்லிப் பயனில்லாமல் போவதும் இதனால்தான்.

ஆசனத்துக்குப் பதஞ்சலி தரும் இலக்கணம் மிகச் சுருக்கமானது: நிலையாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும், முயற்சியின் இறுக்கம் தளர வேண்டும். உடலை வருத்தி வளைப்பது அதில் இல்லை. எனவே மென்மையான யோகத்தை, கடும் பயிற்சி செய்ய இயலாதவருக்கான சலுகை என்று எண்ணுவது தவறு. அந்த மென்மை மூல இலக்கணத்திலேயே இருக்கிறது.

தமிழில் திருமூலரின் திருமந்திரம், மூன்றாம் தந்திரத்தில் எட்டு உறுப்புகள் கொண்ட அட்டாங்க யோகத்தை விரிக்கிறது. அங்கே பூரகத்துக்கு (மூச்சை இழுப்பதற்கு) 16, கும்பகத்துக்கு (உள்ளே நிறுத்துவதற்கு) 64, ரேசகத்துக்கு (வெளிவிடுவதற்கு) 32 மாத்திரை எனக் கால அளவு வருகிறது. மூச்சை இத்தனை நேரம் உள்ளே நிறுத்துவது குருவின் மேற்பார்வையில் நெடுநாள் பழகியவருக்கே உரியது. பதற்றம் உள்ளவர் அதை முயன்றால் மூச்சு முட்டும் உணர்வே அச்சத்தைக் கிளப்பிவிடும். ஆனால் உள்மூச்சைப் போல இருமடங்கு வெளிமூச்சு என்ற விகிதம் பெரும்பாலோருக்குப் பொருந்தும். உடலியலும் இதற்குத் துணை நிற்கிறது. மூச்சை இழுக்கும்போது இதயத்துடிப்பு சற்று விரைகிறது. விடும்போது வேகஸ் நரம்பின் செயலால் தணிகிறது. வெளிமூச்சு நீண்டால் தணிவுக்குக் கிடைக்கும் நேரமும் நீளும்.

இந்த அறிவை நம் காலத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் டி. கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989). மைசூர் அரண்மனையில் கற்பித்தவர், பிற்காலத்தில் சென்னையில் வாழ்ந்தார். ஆசனத்தை ஆளுக்கேற்ப மாற்ற வேண்டும், அசைவும் மூச்சும் ஒன்றாக நடக்க வேண்டும் என்ற அவரது முறையை, மகன் டி.கே.வி. தேசிகாச்சார் 1976இல் சென்னையில் நிறுவிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம் வளர்த்தது. அம்முறையில் ஓர் எளிய பயிற்சி: மல்லாந்து படுத்து, மூச்சை இழுத்தபடி கைகளைத் தலைக்கு மேல் கொண்டுபோய், விட்டபடி பக்கத்தில் இறக்குவது. மூச்சை விடும்போது முழங்கால்களை மார்பை நோக்கிக் கொண்டுவருவது. பிறகு சவாசனத்தில், அதாவது உடலைத் தளர்த்தி அசையாமல், கிடப்பது. பதறும் மனத்துக்குத் தொடக்கமாக இவ்வளவே போதும். அசைவு மூச்சைவிடச் சற்றுக் குறுகியதாக இருப்பது நல்லது. கண்ணை மூடினால் அச்சம் கூடுகிறவர் திறந்தே வைத்துக்கொள்ளலாம். மூச்சைக் கவனித்தாலே படபடப்பு வருகிறவர் பாதங்கள் தரையில் படுவதைக் கவனிக்கலாம்.

மூச்சின் வழியாக மனத்தை அடக்கும் இந்த முறைக்கு மறுப்பும் தமிழ் மண்ணிலேயே எழுந்தது. திருவண்ணாமலையில் வாழ்ந்த ரமண மகரிஷி, 1927இல் இயற்றிய உபதேச உந்தியாரில், மூச்சு அடங்கினால் வலையில் சிக்கிய பறவை போல மனமும் ஒடுங்கும் என ஏற்கிறார். ஆனால் அப்படி ஒடுங்கிய மனம் மீண்டும் எழும். தன் மூலத்தை ஆராய்ந்து அழிந்த மனமே எழாது என்று பிரித்துக் காட்டுகிறார். இந்த மறுப்பு சரியானது. பயிற்சி முடிந்து பாயைச் சுருட்டியதும் கடனும் நோயும் பிரிவும் அப்படியேதான் இருக்கும். ஆயினும் நடுங்கிக்கொண்டிருக்கும் மனத்தால் எதையும் ஆராய முடியாது. அதற்கு முதலில் ஒரு சிறு ஓய்வு வேண்டும். மூச்சுப் பயிற்சி ஒரு துணைதான் என்று ரமணரும் அதற்கு இடம் கொடுத்தே பேசுகிறார்.

தூக்கமும் உணவும் அன்றாட வேலையும் கெடும் அளவுக்குப் பதற்றம் முற்றியிருந்தால் அது நோய். மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். யோகத்தைத் தொடங்கியதற்காக, எழுதித் தந்த மாத்திரையை எவரும் தாமாக நிறுத்தக் கூடாது.