கிணறு கொடுத்தவரின் கடன்

குவைத்தில் வேலை செய்யும் மகளின் குரல், கற்பிட்டியில் இருக்கும் உம்மாவின் கைத்தொலைபேசிக்கு வட்ஸ்அப் செய்தியாக வந்து சேர்கிறது. அன்ட்ரொய்ட் தொலைபேசியில் அந்தக் கோப்பைத் தேடிப் பார்த்தால் அதன் பெயர் ‘ஓபஸ்’ என்று முடிந்திருக்கும். உம்மா அதை அறியமாட்டார். அறிய வேண்டிய தேவையும் அவருக்கில்லை.

குரலைச் சுருக்கி அனுப்பி மறுமுனையில் விரிக்கும் நிரல் தொகுதி ஓபஸ். மொஸில்லா, ஸ்கைப் போன்ற நிறுவனங்களைச் சேர்ந்தோரும் தன்னார்வலர்களும் சேர்ந்து ஆக்கிய இது, 2012 செப்டெம்பரில் இணையத் தரமாக ஏற்கப்பட்டது. நொடிக்கு 6 கிலோபிட் கிடைத்தாலும் பேச்சைக் கொண்டு போகும். நேரடி உரையாடலில் ஒரு துண்டு வழியில் தொலைந்தால், முன்வந்த ஒலியைக் கொண்டு இடைவெளியை நிரப்பும். எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். உள்ளதை உள்ளபடி தருகிறோம், உத்தரவாதம் இல்லை என்று மட்டும் உரிமத்தில் எழுதியிருக்கிறார்கள்.

சட்டத்தின்படி கொடுத்தவரின் பொறுப்பு அங்கே முடிகிறது. மனச்சாட்சியின்படி?

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் புத்தளத்துக் கரைக்கு வந்தபோது, தம் வளவையும் கிணற்றையும் திறந்துவிட்டவர்கள் இங்கே இருந்தார்கள். அந்த நன்மையில் நமக்கு ஐயமில்லை. ஆனால் நூறு வாளிகள் இறங்கும் கிணற்றில் கயிறு இற்றுப்போகும், சேறு ஏறும். ‘குடியுங்கள்’ என்று சொன்னவர், ‘காலமெல்லாம் சேறும் அள்ளித் தருவேன்’ என்று சொல்லவில்லை. என்றாலும் தண்ணீர் கலங்கினால் அவர் வாசலைத்தான் தட்டுவோம்.

கோப்புகளைச் சுருக்கும் இன்னொரு இலவச நிரலான எக்ஸ்-இஸட்டுக்கு இதுதான் நடந்தது. அதை ஏறக்குறையத் தனியாகப் பராமரித்துவந்த லாஸ்ஸே கொலின், வேகமாகச் செய் அல்லது வேறொருவரிடம் கொடு என்ற நெருக்குதல்களுக்கு நடுவே, தமக்கு நீண்டகால மனநலச் சிக்கல் உண்டென்றும் இது சம்பளமில்லாத வேலையென்றும் 2022இல் எழுதினார். கைகொடுக்க வந்தவர்போல் நுழைந்து நம்பிக்கை பெற்ற ஒருவர், 2024இல் அந்த நிரலுக்குள் கள்ளக் கதவொன்றை வைத்தார். கணினிக்குள் நுழைய அரை விநாடி கூடுதலாகிறதே என்று சந்தேகித்த ஒரு பொறியாளரால்தான் அது வெளிவந்தது.

எனக்கு இதில் தயக்கமில்லை. களைத்தவர் வாளியைக் கீழே வைக்கலாம். வைக்கிறேன் என்று முன்கூட்டிச் சொன்னால் போதும். பயன்படுத்துகிற எல்லோரும் கடனாளிகள் என்று சில நண்பர்கள் வாதிடுகிறார்கள். குவைத்துக்கு மகளை அனுப்பிய உம்மாவிடம் போய் அந்தக் கணக்கை நீட்ட என்னால் முடியாது. அதே கிணற்றில் அள்ளி, பவுசரில் ஏற்றி விற்பவர்கள் இருக்கிறார்களே, சேறு அள்ளும் கூலியை அவர்களிடம் கேட்போம்.

ஓபஸுக்கு அந்த விஷயத்தில் அதிர்ஷ்டம். அதன் முதன்மை ஆக்குநர்களுள் ஒருவரான ஜோன்-மார்க் வாலினுக்கு முதலில் மொஸில்லாவும் பின்னர் அமேசானும் சம்பளம் கொடுத்தன. 2024 மார்ச்சில் 1.5ஆம் பதிப்பு வந்தது. தொலைந்த துண்டுகளை ஈடுசெய்வதில் அது முன்னையதைவிடத் தேறியிருக்கிறது.