பிறப்பா, பணியா?

ஒரு பொருளின் பெருமை அது பிறந்த வகையில் உளதா, செய்யும் பணியில் உளதா? இவ்வினாவிற்கு மின் கிதார் என்னும் இசைக்கருவி நல்லதொரு விடை தருகின்றது.

அதன் எஃகுத் தந்திகளுக்குக் கீழே 'பிக்கப்' என்னும் உறுப்பு உளது. காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக்கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியமைத்தது அது. தந்தி அதிரச் சுருளில் மின்னோட்டம் பிறக்கும். அதுவே பெருக்கியிற் சென்று ஒலியாகும். ஆயின் ஒற்றைச் சுருள் சுற்றுப்புறத்து மின்னிரைச்சலையும் சேர்த்தே ஏற்கும். கிப்சன் கம்பெனியின் பொறியறிஞர் சேத் லவர் 1955இல் இரு சுருள்களை எதிரெதிராக இணைத்து அவ்விரைச்சலை அடக்கினார்.

கிதார் வாசிப்போர் பலர் பழைய பிக்கப்பைக் கழற்றி வேறொன்று பொருத்துகின்றனர். "செய்தவன் வைத்ததைத் தொடலாமா? மூலத்தூய்மை கெட்டதே!" என்று புலம்புவர் சிலர். அவரை நாம் ஒன்று கேட்கின்றோம்: 1952இல் வெளிவந்த லெஸ் பால் கிதாரில் ஒற்றைச் சுருளே இருந்தது, 1957இல் செய்தவரே இரட்டைச் சுருளைப் புகுத்தினர். இன்று தூயதெனப் போற்றப்படுவது அம்மாற்றமே யன்றோ?

எடி வான் ஹேலன் என்பார் ஒரு கிதாரின் இரட்டைச் சுருளைப் பெயர்த்து, மலிவான வேறோர் உடலிற் பொருத்தி, 1978இல் வெளியான தம் முதல் இசைத்தட்டால் உலகை வியப்பித்தார். அவர்தாமும் டச்சுத் தந்தைக்கும் இந்தோனேசியக் கலப்பினத் தாய்க்கும் பிறந்தவரே. 2019இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடம் அக்கலப்புக் கருவியைக் காட்சிக்கு வைத்தது, குலங்கோத்திரம் கேட்டிலது.

எனினும் மாற்றம் வேறு, மறைப்பு வேறு. மாற்றிய கருவியை மாறாத பழங்கருவி என்று விற்பவன் கயவன். பழைய உறுப்பை எறியாது பேணுவதும், வாங்குவோனுக்கு உள்ளதை உரைப்பதும் கடமையாம். புதியது என்பதற்காகவே புதியதை நாடுதலும் பேதைமையே. ஒற்றைச் சுருளின் தெளிந்த ஒலியை விரும்புவோர் அதனையே வைத்துக்கொள்ளுதல் முறை.

நம் வழக்கங்களுக்கும் இதுவே அளவுகோல். முன்னோர் வைத்தது என்பதொன்றே ஒரு வழக்கத்தைக் காக்கப் போதாது. அம்முன்னோரும் தமக்கு முன்னோர் வைத்ததை மாற்றியவரே. இன்னிசை தருவதைப் போற்றுவோம்; மனிதனை மனிதன் தாழ்த்தும் சாதி இரைச்சலைக் கழற்றி எறிவோம். புதியதைப் புகுத்துங்கால் அதனைத் தொன்மையென்று பொய்யுரைக்கவும் வேண்டா. தோட்டத்தாயினும் நகரத்தாயினும், ஒருவனை நோக்கி "நீ யார் மகன்?" என்று வினவுவதை விடுத்து, "நின் பணி யாது?" என்று வினவப் பழகுவோமாக.