ஒப்பந்தத்தின் பாதியில் வேலை மாறலாமா?

 

கீழ்பென்னாத்தூர், திருவண்ணாமலை, செஞ்சி என்று நம் வட்டாரத்தில் பி.எட். முடித்தவர்களில் சிலர் வளைகுடா நாடுகளின் இந்தியப் பள்ளிக்கூடங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். இங்கே தனியார் பள்ளிக்கூடங்கள் என்ன சம்பளம் கொடுக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே இரண்டு வருட ஒப்பந்தம், பள்ளிக்கூடமே எடுத்துத் தந்த விசா. எட்டாவது மாதத்தில் வேறொரு பள்ளிக்கூடம் கூடுதல் சம்பளம் தருவதாகக் கூப்பிடுகிறது. போகலாமா? மார்க்கத்தில் அதற்கு இடம் உண்டா?

இதற்கு அவசரமான பதில்கள் இரண்டு உண்டு. "சட்டம் விடுகிறது, போங்கள்" என்பது ஒன்று. "கையெழுத்துப் போட்டாயிற்று, நகர்ந்தால் ஹராம்" என்பது மற்றொன்று. இரண்டுமே கேள்வியைச் சரியாகக் கேட்காமல் சொல்லும் பதில்கள்.

மூஸா (அலை) அவர்களைப் பாருங்கள். ஊரைவிட்டு ஓடி மத்யனுக்கு வந்து நிற்கிறார்கள். கையில் எதுவும் இல்லை, தெரிந்தவர் யாரும் இல்லை. அங்கே ஒரு பெரியவர் அவர்களை வேலைக்கு வைத்துக்கொள்கிறார். (அவர் ஷுஐப் நபிதான் என்று பலர் சொல்வார்கள், குர்ஆன் பெயரைச் சொல்லவில்லை.) ஸூரத்துல் கஸஸில் அந்த ஒப்பந்தத்தின் ஷரத்துகளே வருகின்றன. எட்டு வருடம் கடமை. பத்தாக ஆக்கினால் அது மூஸாவின் விருப்பம். உம்மைச் சிரமப்படுத்த மாட்டேன் என்ற வாக்கு முதலாளியின் பக்கத்திலிருந்து வருகிறது. இந்தக் கடைசி ஷரத்தை நாம் பயான்களில் அதிகம் சொல்வதில்லை. முதலாளியும் வாக்குக் கொடுத்தவர்தான் என்பது அதில் இருக்கிறது. மூஸா (அலை) இரண்டு தவணைகளில் அதிகமானதையே நிறைவேற்றினார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) சொன்னதாக புகாரியில் வருகிறது. தவணை முடிந்ததும் குடும்பத்தோடு புறப்பட்டார்கள்.

ஃபிக்ஹ் நூல்களில் இதற்கு 'இஜாரா' என்று பெயர். பள்ளிக்கூட ஆசிரியர் 'அஜீர் காஸ்'. அதாவது தன் நேரத்தையே ஒருவருக்கு விற்றவர். இஜாரா இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். ஹனஃபி மத்ஹபில் 'உத்ர்' என்ற நியாயமான காரணம் வந்தால் அதைக் கலைக்க இடம் இருக்கிறது. ஆனால் அதிகச் சம்பளம் கிடைக்கிறது என்பது மட்டும் உத்ர் ஆகாது. மல்லாட்டை பிடுங்க ஆள் பேசிவிட்டீர்கள். பாதிக் கொல்லை பிடுங்கியதும், பக்கத்துக் கொல்லைக்காரர் இருபது ரூபாய் சேர்த்துத் தருகிறார் என்று எல்லோரும் எழுந்து போய்விட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்? அந்தப் பக்கத்துக் கொல்லைக்காரரும் தப்பவில்லை. ஒருவர் வியாபாரம் பேசி முடித்த இடத்தில் இன்னொருவர் புகுந்து பேசுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். ஆசிரியரைப் பாதி வருடத்தில் இழுக்கும் பள்ளிக்கூட நிர்வாகமும் இதை யோசிக்க வேண்டும்.

அதே சமயம் உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை முழுதாகப் படியுங்கள். முன்னறிவிப்புக் கொடுத்து விலகலாம் என்று அதிலேயே எழுதியிருந்தால், அதன்படி விலகுவது ஒப்பந்தத்தை முறிப்பது அல்ல, நிறைவேற்றுவதுதான். கத்தாரில் 2020-ல் வந்த சட்டம், பழைய முதலாளியின் என்.ஓ.சி. இல்லாமலே மாற வழி செய்தது. இரண்டு வருடம் வரை வேலை செய்தவர் ஒரு மாதம், அதற்கு மேல் என்றால் இரண்டு மாதம் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். சவூதியில் 2021 மார்ச் 14 முதல் சில நிபந்தனைகளோடு மாறலாம்; வீட்டுப் பணியாளர்கள் போன்றோர் அதில் சேரவில்லை. அமீரகத்தில் 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, சோதனைக் காலத்தில் அந்நாட்டிலேயே வேறு இடத்துக்குப் போகிறவர் ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும். அவரை வரவழைத்த செலவைப் புதிய முதலாளி பழையவருக்குத் தர வேண்டும். இதில் அநியாயம் எங்கே இருக்கிறது? விதிகள் மாறும், புறப்படும் முன் அன்றைய நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தச் சட்டங்கள் ஏன் தேவைப்பட்டன என்பதற்கு நம் தமிழர்களிடமே பழைய கதை இருக்கிறது. நம் மாவட்டங்களிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் 'துண்டு' இல்லாமல் தோட்டம் மாற முடியாது. கங்காணியிடம் அவர்களுக்கு எவ்வளவு கடன் என்று அந்தச் சீட்டில் எழுதியிருக்கும். அதை அடைத்து அவர்களை எடுத்துக்கொள்கிற தோட்டத்துக்குத்தான் போகலாம். கடன் கைமாறும், கூடவே ஆளும் கைமாறுவார். 1921-ல்தான் அந்த முறை ஒழிந்தது. மனிதனைப் பூட்டி வைக்கிற அப்படிப்பட்ட சீட்டைக் காட்டி, உடன்படிக்கைகளை நிறைவேற்றுங்கள் என்ற இறைக்கட்டளையை ஓதுவது நியாயமில்லை.

புகாரியில் வரும் ஒரு ஹதீஸ் குத்ஸியில், மறுமையில் மூன்று பேருக்கு எதிராக அல்லாஹ்வே வழக்காடுவதாகச் சொல்கிறான்: அவன் பெயரால் வாக்குக் கொடுத்து முறித்தவன், சுதந்திரமானவனை விற்று அந்தக் காசைத் தின்றவன், வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவன். வாக்கை முறித்தவனும் கூலியை அமுக்கியவனும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். மூன்று மாதம் சம்பளம் தராத நிர்வாகம், கணக்கு டீச்சர் என்று அழைத்துப்போய் விடுதிக் காவலுக்கு வைத்த நிர்வாகம், பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்த நிர்வாகம், இவர்கள்தான் முதலில் முறித்தவர்கள். 1967-ம் வருடப் பாஸ்போர்ட் சட்டப்படி அந்தப் புத்தகம் இந்திய அரசின் சொத்து. உங்களுடையதும் அல்ல, பள்ளிக்கூடத்துடையதும் அல்ல. அப்படிப்பட்ட இடத்திலிருந்து விலகுவதற்குக் குற்ற உணர்ச்சி வேண்டாம். தொழிலாளர் அலுவலகத்திலோ இந்தியத் தூதரகத்திலோ புகார் கொடுத்துவிட்டு விலகுங்கள்.

எனக்கு அதிகம் உறுத்துவது வேறொன்று. நல்ல நிர்வாகம், சம்பளம் தேதிக்கு வருகிறது. ஆனாலும் "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை" என்று லீவு வாங்கி, டிக்கெட்டும் அவர்கள் காசில் எடுத்து, ஊருக்கு வந்து, புதிய விசாவில் வேறு பள்ளிக்கூடத்துக்குப் பறந்துவிடுவது. நன்றாக இருக்கிற தாயை நோயாளி ஆக்கிச் சம்பாதிக்கிற அந்தக் கூடுதல் பணத்தில் பரக்கத்தை எதிர்பார்க்கிறோமா? பத்ருக்கு முன் ஹுதைஃபா (ரலி) அவர்களையும் அவர்களின் தந்தையையும் குறைஷிகள் பிடித்து, போரில் சேர மாட்டோம் என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள். முஸ்லிம்கள் முந்நூற்றுச் சொச்சம் பேர், எதிரிகள் ஏறக்குறைய ஆயிரம். இரண்டு ஆள் எவ்வளவு பெரிய பலம்! ஆனாலும் அந்த வாக்கைக் காப்பாற்றும்படியே நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். எதிரியிடம் கொடுத்த வாக்குக்கே இந்த மதிப்பு என்றால், நம்பி லீவு கொடுத்த தலைமையாசிரியரிடம் சொன்ன சொல்லுக்கு?

பிள்ளைகளை மறந்துவிட வேண்டாம். அவர்கள் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை. நிர்வாகத்தின் குற்றத்துக்கான கணக்கை அவர்களிடம் தீர்க்க முடியாது. பிப்ரவரியில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு தொடங்கும்போது கணக்கு ஆசிரியர் இல்லையென்றால் அந்தக் குழந்தை யாரிடம் போய்க் கேட்கும்? உங்கள் சம்பளம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தால் கல்வியாண்டு முடியும் மார்ச்சு வரை பொறுத்திருங்கள். முடியாது என்றால், எழுத்தில் முன்னறிவிப்புக் கொடுங்கள். நடத்திய பாடம் எதுவரை, யார் எதில் பின்தங்கியிருக்கிறார்கள், மதிப்பெண் பதிவேடு எங்கே என்று அடுத்து வருகிறவருக்கு ஒரு தாளில் எழுதி வையுங்கள். புதிய பள்ளிக்கூடம் அந்த ஒரு மாதம்கூடக் காத்திருக்க மறுத்தால், நாளை அது உங்களை எப்படி நடத்தும் என்பதை இன்றே காட்டிவிட்டது.