மதிப்பெண் யார் தருவது?

மார்ச் பிறந்ததும் தமிழ்நாட்டின் மற்ற ஊர்களைப் போலவே கோவில்பட்டியிலும் பிளஸ் டூ பிள்ளைகளின் ஹால் டிக்கெட்டும் பேனாவும் அர்ச்சனைத் தட்டில் ஏறுகின்றன. மே மாதம் முடிவு வந்ததும் வீட்டுக்கு வீடு ஒரு தீர்ப்பு சொல்லப்படும். நம் பிள்ளை நன்றாக வாங்கினால் ராத்திரி பகலாகப் படித்த பலன், குறைந்துபோனால் தலையெழுத்து. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இதே தீர்ப்பு தலைகீழாகிவிடும்: வாங்கினால் அதிர்ஷ்டம், கோட்டைவிட்டால் சோம்பல். மனிதர்கள் வெற்றி தோல்விக்கு இப்படிக் காரணம் கற்பிப்பதைத் திறமை, முயற்சி, வேலையின் கடினம், அதிர்ஷ்டம் என்று நான்காக வகுத்தவர் அமெரிக்க உளவியலாளர் பெர்னார்ட் வெய்னர். சி.பி.எஸ்.இ. நடத்தும் உளவியல் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் இப்படிப்பட்ட வகைப்பாடுகளை மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் இந்தக் கேள்வி உளவியலுக்குள் அடங்காது. மதிப்பெண் நம் வினையால் வருகிறதா, ஊழால் வருகிறதா, அருளால் வருகிறதா என்பது தமிழ் மண்ணில் பல நூற்றாண்டுகளாக நடந்துவரும் வழக்கு. என் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முயற்சி முழுக்க நம் பொறுப்பு, விளைவு முழுக்க நம்முடையதாகாது. ஆகவே சாமி முன் நிற்பதில் தவறில்லை. மதிப்பெண்ணைக் கேட்பதில்தான் தவறு இருக்கிறது.

உழைத்தால் எதுவும் முடியும் என்ற கட்சியை முதலில் எடுத்துக்கொள்வோம். மேடையில் கைதட்டல் வாங்கும் கட்சி இது. உழைப்பை மணிக்கணக்கில் அளப்பதுதான் இதன் முதல் கோளாறு. 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு ஒரு பகுதியை நான்கு சுற்று படித்தது. இன்னொரு குழு ஒரே சுற்று படித்துவிட்டு, மூன்று சுற்று அதைப் பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடத்தில் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம் நினைவிருந்தது; படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு 40தான். இதில் கவனிக்க வேண்டிய விஷயம், நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் அந்த 40 சதவீதக்காரர்கள். ஆக, உழைத்தேன் என்ற மன நிறைவு உழைப்புக்குச் சாட்சியாகாது. இரண்டாவது கோளாறு இதைவிடப் பெரிது. உழைப்பே எல்லாம் என்றால் தோற்றவன் உழைக்காதவன் ஆகிவிடுகிறான். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தில் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போன ஒரு தலைமுறைப் பிள்ளைகளை வைத்து இதை யோசிக்கலாம். 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. அதன் பிறகும் 1996இல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சிவகாசியை முன்வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. உழைப்பு என்பதைப் பிஞ்சு வயதிலேயே அறிந்த பிள்ளைகள் அவர்கள். அவர்கள் பரீட்சை எழுதாமல் போனதற்கு அவர்களுடைய முயற்சிக் குறைவையா காரணம் காட்டுவது?

அப்படியானால் ஊழ்தான் என்று ஒதுங்கிவிடலாமா? எல்லாம் நியதிப்படியே நடக்கும் என்ற ஆசீவகர் வாதத்தை மணிமேகலையும் நீலகேசியும் எடுத்துப் பேசுகின்றன. வள்ளுவரோ இரண்டு கட்சியையும் ஒரே நூலுக்குள் வைத்துக்கொண்டார். அறத்துப்பாலை 38ஆம் அதிகாரமான ஊழோடு முடித்தவர், பொருட்பாலில் 62ஆம் அதிகாரத்தை ஆள்வினையுடைமைக்குக் கொடுத்தார். இதை முரண்பாடு என்று சொல்பவர்கள் கரிசல் காட்டில் ஒரு பருவம் நின்று பார்த்தால் போதும். கோவில்பட்டியில் 1901இல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் மானாவாரிக்கென்றே வேலை செய்வது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைப்பது இந்தப் பகுதிக்குச் சொல்லப்படும் முறைகளில் ஒன்று. அதற்கு முன் விதையை ஊறவைத்து, மறுபடி நிழலில் உலர்த்திக் கடினப்படுத்துவார்கள். முளைத்த பயிர் வறட்சி தாங்கும். மழையை யாராலும் வரவழைக்க முடியாது. வந்த மழையை வீணாக்காதபடி விதையையும் மண்ணையும் ஆயத்தம் செய்ய முடியும். கீதையின் பெயரால் சொல்லப்படும் பலன் கருதாத வினை இதுவென்று சொல்லமாட்டேன். கம்பும் உளுந்தும் போடுகிற சம்சாரி பலனைக் கருதித்தான் விதைக்கிறார், கடனும் இருக்கிறது. பலன் தன் கையில் இல்லை என்பது தெரிந்தே விதைப்பதில்தான் அவருடைய தத்துவம் இருக்கிறது.

பலன் கையில் இல்லையென்றால் பிள்ளைகள் முயற்சியைக் கைவிட்டுவிடுவார்களே என்று ஆசிரியர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. எல்லாம் வெளியிலிருந்து வருவது என்று நம்புகிறவனுக்குக் கை ஓடாது. ஆனால் நான் கையில் இல்லை என்று சொல்வது மதிப்பெண்ணை. எந்தக் கேள்வி வரும், யார் திருத்துவார், அன்றைக்கு உடம்பு எப்படி இருக்கும் என்பதெல்லாம் வெளியே. புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பார்ப்பதும், நேற்றுப் படித்ததை நாலு நாள் விட்டு மறுபடி தொடுவதும், நேரத்துக்குத் தூங்குவதும் உள்ளே. இந்தக் கோட்டைத் தெளிவாகப் போட்டுக்கொண்டவன்தான் கலங்காமல் படிப்பான்.

இனி வேண்டுதல். பகுத்தறிவாளர்கள் உளவியலாளர் ஸ்கின்னரின் புறாக்களைக் காட்டுவார்கள். 1948இல் அவர் எழுதிய கட்டுரைப்படி, புறா என்ன செய்தாலும் குறித்த நேரத்தில் இரை வந்து விழும் கூண்டில், புறாக்கள் தற்செயலாகச் செய்த அசைவையே திரும்பத் திரும்பச் செய்யத் தொடங்கின. ராசியான பேனா அந்த வகைதான், மறுக்கவில்லை. பக்தர்களின் பக்கம் பேசுகிறவர்கள் வேறொன்றைக் காட்டலாம்: 2011இல் ரமிரெஸ், பைலாக் என்ற இருவர், தேர்வுப் பயம் உள்ள மாணவர்கள் தேர்வுக்கு முன் பத்து நிமிடம் தங்கள் கவலையை எழுதித் தீர்த்தபோது நன்றாகச் செய்தார்கள் என்று கண்டார்கள். சாமியிடம் பாரத்தை இறக்கி வைப்பதும் அப்படித்தானே என்று வாதிடலாம். ஆனால் இந்த ஆதரவை உண்மையான பக்தர் ஏற்கமாட்டார், ஏற்கவும் கூடாது. பதற்றம் தணிக்கும் மாத்திரையாகக் கடவுளைச் சுருக்குவதைவிட, அவர் இல்லை என்று சொல்லிவிடுவதே மரியாதை.

மூன்றாவது ஒரு வழி கோவில்பட்டிக்குப் பக்கத்திலேயே பாறையில் வெட்டிக் கிடக்கிறது. கழுகுமலையில் 8, 9ஆம் நூற்றாண்டுகளில் சமணர்கள் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. இன்னார் செய்வித்தது என்று வட்டெழுத்தில் கீழே பொறித்திருக்கிறார்கள். குரவர்கள், பெண் ஆசிரியர்களான குரத்தியர், மாணாக்கர் ஆகியோரின் பெயர்கள் அவற்றில் வருகின்றன. கற்றவர்களும் கற்பித்தவர்களும் கூடியிருந்த மலை அது. சமணக் கொள்கைப்படி வீடுபேறடைந்த தீர்த்தங்கரர் யாருக்கும் எதையும் தருவதில்லை, வேண்டுதலுக்கு இரங்குவதும் இல்லை. வினையின் பயனை அவரவரே நுகர வேண்டும். இது தெரிந்தும் உளியை எடுத்தார்கள். வெற்றி பெற்றவரின் உருவத்தின் முன் நின்று தானும் அப்படி ஆக வேண்டும் என்று நினைப்பது அந்த வழிபாடு. பேரம் அதில் இல்லை. தேர்வுக்கு முன் கோயிலுக்குப் போகிற பிள்ளை அங்கே நின்று, இன்று என்னால் ஆனதைச் சிதறாமல் செய்ய வேண்டும் என்று மட்டும் நினைத்தால், அந்த வேண்டுதலை எந்தப் பகுத்தறிவாலும் குறை சொல்ல முடியாது. முருகனிடமும் அம்மனிடமும் அதே மனதோடு நிற்கலாம். அதற்குச் சமணராக வேண்டியதில்லை.

இதற்கு எதிரான வலுவான சாட்சியும் அதே பாறையில்தான் இருக்கிறது. தராத தீர்த்தங்கரர்களுக்கு நடுவே, கேட்டால் அருளுகிற இயக்கி அம்பிகாவையும் சிங்கத்தோடு செதுக்கியிருக்கிறார்கள். தீப்பெட்டி ஆபீஸ் சம்பளத்தில் பிள்ளையைப் படிக்கவைக்கும் தாயிடம் போய், கேட்காமல் கும்பிடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவள் கேட்கட்டும். அந்த வேண்டுதலின் கணக்கைப் பிள்ளையின் தலையில் கட்டாதிருந்தால் போதும். மே மாதம் தேர்ச்சி கைநழுவிப் போனால், அடுத்துத் துணைத் தேர்வு இருக்கிறது. நேர்த்திக்கடன் அம்மனுக்கும் தாய்க்கும் இடையிலான விவகாரம்.