யாருக்குப் போதும்?

போன மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் நண்பர் ஒருவர் கார் வாங்கினார். பழைய கார்தான். ஆனால் சும்மா பழசு இல்லை, 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 180 குதிரை. ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தினால் முதுகு சீட்டோடு போய் ஒட்டிக்கொள்ளும். வாங்கின முதல் வாரத்திலேயே தெருவில் இருந்த அத்தனை பேரையும் ஒரு ரவுண்டு கூட்டிக்கொண்டு போய் வந்துவிட்டார். எதிர்வீட்டு ஆச்சி மட்டும் "எனக்கு ரத்தக்கொதிப்பு இருக்குய்யா, நீ போய்ட்டு வா" என்று தப்பித்துக்கொண்டாள்.

அந்தக் காருக்கு டயர் மாற்ற வண்ணார்பேட்டைக்குக் கிளம்பியபோது என்னையும் கூப்பிட்டார். எனக்கு டயரைப் பற்றி ஒன்றும் தெரியாது. பேரம் பேச இன்னொரு வாய் வேண்டும், அவ்வளவுதான்.

கடைக்காரர் வயதானவர். நாங்கள் இருவரும் அவரை அண்ணாச்சி என்றோம், அவர் எங்களை சார் என்றார். சக்கரத்துக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, பட்டனுக்கு நடுவே ஒரு சின்னக் கருவியை விட்டு அளந்தார்.

"ரெண்டு மில்லி இருக்கு சார். சட்டப்படி 1.6 வரைக்கும் ஓட்டலாம்."

நண்பர் முகத்தில் வெளிச்சம். "அப்ப இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா அண்ணாச்சி?"

"ஓட்டலாமே. மழை பெய்யாத ஊராப் பாத்துப் போனீங்கன்னா."

அப்புறம் டயரின் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் இருந்த நாலு எண்களைத் தடவிக் காட்டினார். 1418. 2018-ஆம் வருடத்தின் 14-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தமாம். ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயசாகும், இறுகிப் போகும். நமக்கு ஜாதகம் மாதிரி அதற்கு இந்த நாலு எண். இத்தனை வருஷம் கார் ஓட்டுகிற நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

சரி, மாற்றித்தான் ஆகவேண்டும் என்று ஆகிவிட்டது. அண்ணாச்சி இரண்டு ரகம் எடுத்துப் போட்டார். இரண்டும் 205/55 ஆர் 16 என்கிற ஒரே சைஸ்தான். ஒன்று V என்று முத்திரை போட்டது. 240 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும். இன்னொன்று H, 210 வரை. "நாம எங்க அண்ணாச்சி 210-ல போகப்போறோம்?" என்றார் நண்பர். நியாயமான கேள்வி என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அந்த எழுத்து, அவ்வளவு வேகம் போங்கள் என்று கொடுக்கிற அனுமதி இல்லை. அந்த வேகத்தில் உண்டாகும் சூட்டையும் இழுவையையும் தாங்குகிற கட்டுமானம் உள்ளே இருக்கிறது என்கிற உறுதி. கார் கம்பெனி இந்தக் காருக்குச் சொல்லியிருப்பது V. தவிர அந்த V டயரின் ரப்பர் கொஞ்சம் மென்மை. ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். மற்றது ரொம்ப நாள் உழைக்கும், விலையும் குறைவு. ஒரு டயருக்கு இரண்டாயிரம் வித்தியாசம். நாலுக்கு எட்டாயிரம்.

போன வாரம்தான் அதே காரில் பாட்டுக் கேட்க இருபத்தைந்தாயிரத்துக்கு ஸ்பீக்கர் போட்டவர், இந்த எட்டாயிரத்துக்கு அரைமணி நேரம் நின்றார். கடைசியில் கேட்டார்: "இந்தச் சின்ன ரகமே போதாதா அண்ணாச்சி?"

இந்தப் 'போதாதா' என் மண்டைக்குள் மாட்டிக்கொண்டது.

யோசித்துப் பாருங்கள். இன்ஜின் விஷயத்தில் நாம் யாராவது 'போதும்' என்று சொல்லியிருக்கிறோமா? 80 குதிரை இருந்தால் 120 வேண்டும், 120 வந்தால் 180. அங்கே எல்லாமே போதாது. பிரேக், டயர், சீட் பெல்ட் என்று வந்துவிட்டால் மட்டும் இருக்கிறதே போதும் என்கிற ஞானம் பிறந்துவிடுகிறது. ஓடுவதற்கு எவ்வளவு இருந்தாலும் பற்றாது; நிற்பதற்கு எவ்வளவு குறைந்தாலும் பரவாயில்லை. காரில் மட்டுமா இப்படி இருக்கிறோம் என்று ஒரு கேள்வி வருகிறது. அந்தப் பக்கம் போனால் நிறையப் பேரைச் சொல்ல வேண்டியிருக்கும், என்னையும் சேர்த்து. டயரோடு நிற்கலாம்.

அந்த 180 குதிரையும் சாலையைத் தொடுவது எதன் வழியாக? ஒவ்வொரு டயரும் தரையில் பதிகிற இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு. நாலு டயருக்கு நாலு உள்ளங்கை. ஒன்றரை டன் இரும்பு, உள்ளே பிள்ளை குட்டி, ஆச்சி, திருச்செந்தூர் பிரசாதம் எல்லாம் அந்த நாலு உள்ளங்கையில்தான் நிற்கிறது. அந்த உள்ளங்கைகளால் பிடிக்க முடிகிற அளவுக்குமேல் இன்ஜின் எவ்வளவு உறுமினாலும் சக்கரம் வழுக்கிக்கொண்டு சும்மா சுற்றும்.

பிடிமானம் என்பது சம்பளம் மாதிரி. ஒரே தொகைதான். வளைவில் திரும்புவதற்கும் அதிலிருந்துதான் எடுக்கவேண்டும், பிரேக் போடுவதற்கும் அதிலிருந்துதான். மொத்தத்தையும் பிரேக்குக்கே செலவழித்துவிட்டால் திருப்புவதற்குச் சல்லிக்காசு இருக்காது; ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் கார் நேரே போய்க்கொண்டிருக்கும். "ஏ.பி.எஸ். இருக்குல்லா" என்பார்கள். 2019 ஏப்ரலிலிருந்து நம் நாட்டில் புதுக் கார்கள் எல்லாவற்றிலும் அது கட்டாயம், ரொம்ப நல்ல விஷயம். ஆனால் அது ஒரு கணக்குப்பிள்ளை. இருக்கிற பணத்தைப் பார்த்துச் செலவழிக்கும். இல்லாத பணத்தை உண்டாக்காது.

மழை பெய்தால் சம்பளம் பாதியாகிவிடும். நல்ல காய்ந்த தார் ரோட்டில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் வருகிற கார், பிரேக் பிடித்த இடத்திலிருந்து சுமார் ஐம்பது மீட்டரில் நிற்கும் என்று வையுங்கள். பிடிமானம் பாதியானால் நூறு மீட்டர். பிரேக்கை மிதிக்க மனசுக்கும் காலுக்கும் ஆகிற ஒரு நொடியில் 28 மீட்டர் போயிருக்கும், அது தனி. பட்டனுக்கு நடுவே இருக்கிற அந்தப் பள்ளங்கள் அழகுக்கு வெட்டியவை அல்ல. தண்ணீர் விலகி ஓட வாய்க்கால். வாய்க்கால் தூர்ந்துபோனால் டயர் தண்ணீரின் மேல் ஏறிப் படகாகிவிடும். தாமிரபரணிக் கரையில் பிறந்தவர்களுக்கு வாய்க்கால் தூர்ந்தால் என்ன ஆகும் என்று விளக்கவேண்டியதில்லை. 2023 டிசம்பரில் ஆறே ஊருக்குள் வந்து விளக்கிவிட்டுப் போயிருக்கிறது.

மென்மையான ரப்பர் ஏன் நன்றாகப் பிடிக்கிறது? ரோடு பார்க்க வழவழப்பாக இருந்தாலும் ஜல்லியும் குழியுமான மேடு பள்ளம்தான். ரப்பர் அந்தக் குழிகளுக்குள் அமுங்கி, இறங்கி, கவ்வுகிறது. கவ்விப் பிய்ந்து வரும்போது கொஞ்சம் தன்னையும் அங்கே விட்டுவிட்டு வருகிறது. குமரி மாவட்டத்து மலையோரத்தில் வடித்தெடுக்கிற அந்தப் பாலுக்குள் என்னென்னவோ சேர்த்து, தேயவும் கூடாது, பிடிக்கவும் வேண்டும் என்று நூறு வருஷத்துக்கு மேலாக முயன்றுகொண்டிருக்கிறார்கள். நிறைய முன்னேறியும் இருக்கிறார்கள். ஆனாலும் கடையில் நாம் கேட்கிற முதல் கேள்வி 'எத்தனை கிலோமீட்டர் ஓடும்?' என்பதுதான். எத்தனை மீட்டரில் நிற்கும் என்று யாரும் கேட்பதில்லை. "முப்பது வருஷமாச்சு சார், ஒருத்தர் கேக்கலை" என்றார் அண்ணாச்சி.

"ஒண்ணும் ஆகாது அண்ணாச்சி, நான் மெதுவாத்தான் ஓட்டுவேன்" என்று நண்பர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

அண்ணாச்சி சிரித்தார். "நம்ம நரேன் கார்த்திகேயன் நாலாவதா வந்தாருல்லா, அந்த ரேஸ் ஞாபகம் இருக்கா சார்?"

டயர்க் கடையில் இருந்துகொண்டு அதை ஞாபகம் வைக்காமல் இருப்பாரா! 2005 ஜூன் 19, அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ். வெள்ளிக்கிழமை பயிற்சியில், சரிந்து உயர்ந்த ஒரு வளைவில் ரால்ஃப் ஷூமாக்கரின் டொயோட்டாவில் டயர் போய் கார் சுவரில் மோதியது. டயர் மிஷெலின். ஆராய்ந்து பார்த்த கம்பெனி, இந்த வளைவில் முழு வேகத்தில் 73 சுற்றும் எங்கள் டயர் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்று ஒப்புக்கொண்டது. அந்த வருஷ விதிப்படி பந்தயத்தின் நடுவே டயரும் மாற்றக்கூடாது. வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைக்க ஒரு நெளிவு போடுங்கள் என்று கேட்டார்கள், சம்மேளனம் மறுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இருபது கார்களும் அணிவகுப்புச் சுற்று வந்தன. அது முடிந்ததும் மிஷெலின் போட்டிருந்த பதினாலு கார்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி உள்ளே போய்விட்டன. அலோன்ஸோ, ராய்க்கோனன் எல்லாம் அதில் இருந்தார்கள். பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு கார் மட்டும் ஓடியது. கூட்டம் கூச்சலிட்டது, பாட்டிலை எறிந்தது. மைக்கேல் ஷூமாக்கர் ஜெயித்தார். நம் கோயம்புத்தூர்க்காரர் நாலாவது; ஐந்து பாயிண்ட். ஒரு இந்தியர் ஃபார்முலா 1-ல் வாங்கிய முதல் பாயிண்ட்கள் அவை. ஆறு பேரில் நாலாவதுதானே என்று இளைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. அவர் தன் வேலையை ஒழுங்காக முடித்தார், அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

எனக்கு ஆச்சரியம் அந்தப் பதினாலு பேர்மேல்தான். அத்தனை சக்தியுள்ள இன்ஜின்கள். லட்சம் பேருக்கு மேல் டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். 'ஒண்ணும் ஆகாது, ஓட்டிப் பாப்போம்' என்று சொல்ல எவ்வளவு ஆசை வந்திருக்கும்! டயர் ஒருவேளை தாங்கியும் இருக்கலாம். தாங்கியிருந்தாலும் ஓட்டியது சரியாகிவிடுமா? 'ஒண்ணும் ஆகாது' என்பதில் அறிவு எதுவும் இல்லை. நேற்றுவரை ஒன்றும் ஆகவில்லை என்பதைத்தான் அப்படிச் சொல்கிறோம். பின்னால் அந்தக் கம்பெனி ரசிகர்களுக்கு டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. தெரியாது என்று சொன்னதற்கு விலை.

இன்னொன்றும் உண்டு. பந்தயத்தில் டயர் போனால் ஓட்டுகிறவர் தெரிந்தே உட்கார்ந்தவர். நம் நாலுவழிச் சாலையில் டீ குடிக்க மீடியனைத் தாண்டி வருகிற பெரியவர் அப்படி இல்லை. நூறு மீட்டரா ஐம்பது மீட்டரா என்பது அவர் உயிர். ஆனால் எட்டாயிரத்துக்குப் பேரம் நடந்தபோது அவர் கடையில் இல்லை. கூப்பிடு தூரத்தில் சுலோசன முதலியார் பாலம் நிற்கிறது. 1843-ல் திறந்தது. சிரஸ்தாராக இருந்த மனிதர் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டியது. இன்று அதன்மேல் போகிற நாம் யாரும் அன்று அவரிடம் போய்க் கேட்டு நிற்கவில்லை.

இதையெல்லாம் நான் நண்பரிடம் பிரசங்கமாகச் சொல்லவில்லை. "ஸ்பீக்கருக்கு இருபத்தஞ்சு குடுத்தீங்களே" என்று மட்டும் சொன்னேன். V டயரே போடச் சொல்லிவிட்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் எழுதியிருக்கவே மாட்டேன். நாலு சக்கரமும் மாட்டி, பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் முடிந்தபின் அண்ணாச்சி கேட்டார்: "பழசை எடுத்துக்கிடட்டுமா சார்? ஒண்ணுக்கு எழுநூறு கழிச்சுக்கிடுதேன்."

"எடுத்து என்ன செய்வீங்க?"

"இதே சைஸ்ல பழைய கார் வச்சிருக்க பையன் ஒருத்தன், வாடகைக்கு ஓட்டுதான். திருச்செந்தூர், குத்தாலம்னு. அவன் கேட்டுட்டுப் போயிருக்கான்."

நண்பர் ஒரு நிமிஷம் யோசித்தார். "அண்ணாச்சி, இது ஆபத்துன்னுதானே நான் கழட்டுனேன்? அதை அவனுக்கு வித்தா?"

"ரெண்டு மில்லி இருக்கு சார். சட்டத்துக்குப் போதும்."

"எனக்குப் போதாதுன்னு நீங்கதானே சொன்னீங்க!"

"நீங்க வாங்கலேன்னா வேற ஆளுக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நீங்க இதைக் கிழிச்சுப் போட்டா அவன் புதுசு வாங்கிருவான்னா நெனைக்கீங்க? இப்ப மொட்டை டயர்ல ஓட்டுதான் சார். கம்பி தெரியுது. அதுக்கு இது எவ்வளவோ மேல்."

எனக்கு வாயே எழவில்லை. இவருக்கு ஆபத்தான டயர், அவனுக்குப் பாதுகாப்பு. விற்றால் நம் ஆபத்தை எழுநூறு ரூபாய்க்கு ஒரு ஏழைப் பையன் தலையில் கட்டுகிறோம். விற்காவிட்டால் அதைவிடப் பெரிய ஆபத்தில் அவனை விட்டுவிட்டு நம் கையை மட்டும் கழுவிக்கொள்கிறோம். அவனுடைய காரில் குற்றாலம் போகிற குடும்பத்துக்கு இதில் எது நல்லது? நான் என் சின்னக் காருக்கு மூன்று முறை டயர் மாற்றியிருக்கிறேன். பழசெல்லாம் எங்கே போயின என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பில்லில் கழித்த தொகை சரியாக இருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.

நண்பர் விற்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. நாலையும் டிக்கியிலும் பின்சீட்டிலும் திணித்து வீட்டுக்குக் கொண்டுபோய் மொட்டைமாடியில் போட்டுவிட்டார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு நாள் சாயங்காலம் போன் பண்ணினார். மாநகராட்சியிலிருந்து கொசு மருந்து அடிக்க வந்தவர்கள் மாடிக்குப் போய்ப் பார்த்து, டயருக்குள் தண்ணீர் நிற்கிறது, டெங்கு வரும், அடுத்த தடவை அபராதம் என்று எச்சரித்துவிட்டுப் போனார்களாம். வீட்டில் அதைவிடப் பெரிய எச்சரிக்கை.

"பேசாம அந்தப் பையனுக்கே குடுத்திருக்கலாமோ?" என்றார்.

வெளியே நல்ல மழை. "அவன் இப்ப எதுல ஓட்டுதானோ" என்றேன்.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. இப்போதைக்கு மேலே ஒரு தார்ப்பாய் போட்டு மூடிவைக்கப் போவதாகச் சொல்லி அவர் போனை வைத்தார்.