நோயும் வினையும் நம் கடமையும்

நம்மவர் இல்லம் ஒன்றில் இருபது வயது இளைஞருக்கோ இளநங்கைக்கோ புற்றுநோய் என்று மருத்துவர் கூறிவிட்டால், உறவினரிடையே இரு கேள்விகள் எழுகின்றன. ‘எந்த மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள்?’ என்பது முதற்கேள்வி. இதனை எல்லோரும் வாய்விட்டுக் கேட்கிறோம். ‘முற்பிறப்பில் என்ன வினை செய்தனரோ?’ என்பது இரண்டாம் கேள்வி. இதனைத் திண்ணையிலும் திருமண மண்டபத்துப் பந்தியிலும் தாழ்ந்த குரலில் கேட்கிறோம். முதற்கேள்வி உதவியில் சென்று முடிகிறது. இரண்டாம் கேள்வியோ, பல நேரங்களில், உதவாமல் இருப்பதற்கு ஒரு சமாதானமாக முடிந்துவிடுகிறது. வினைக் கொள்கையைத் தலைமேற்கொண்டு போற்றும் நாம் இதனை நடுநிலையோடு ஆராய்தல் வேண்டும்.

உயிர் ஒவ்வொன்றும் தன் வினையின் பயனைத் தானே துய்க்கிறது. அதனை அளிப்பதற்கும் தடுப்பதற்கும் வேறொரு தலைவன் இல்லை என்பது நம் கோட்பாடு. துன்ப நுகர்ச்சிக்குக் காரணமான வினையை அசாதா வேதனீயம் என்று நூல்கள் வகைப்படுத்துகின்றன. அவ்வாறாயின், ஒருவர் நுகர்ந்தே தீரவேண்டியதை மற்றவர் குறுக்கிட்டு மாற்ற இயலுமா? நாம் திரட்டித் தரும் பொருளும் குருதியும் வீண் முயற்சி ஆகாவோ? இவ்வையம் எள்ளி ஒதுக்கத்தக்கது அன்று. நேர்மையான உள்ளத்திலும் இஃது எழக்கூடும்.

இதற்கு முதல் விடை எளியது. மற்றோர் உயிரின் வினைக்கட்டை முற்றும் காண்பது கேவல ஞானிக்கே உரியது. மதிஞானமும் சுருதஞானமும் மட்டுமே உடைய நாம், ‘இந்நோய் இன்ன செயலின் பயன்’ என்று உரைக்கும்போது, அறியாத ஒன்றை அறிந்ததாகக் கூறுகின்றோம். வாய்மையை அணுவிரதமாகக் கொண்ட இல்லறத்தார்க்கு இஃது இழுக்கே ஆகும்.

இரண்டாவது விடை வினைக் கொள்கையின் உள்ளிருந்தே பிறக்கிறது. வினை பயன் தருவதற்குப் பொருள், இடம், காலம், பாவம் ஆகிய சூழல்கள் துணைக்காரணம் ஆகின்றன என்று ஆசிரியர்கள் விளக்குவர். மருந்தும் மருத்துவரும் உற்றாரின் ஆதரவும் அச்சூழல்களுள் அடங்கியவை அல்லவா? ஒரு சான்று காண்போம். 1940களின் இடைப்பகுதி வரை, குழந்தைகளுக்கு வரும் கடுமையான இரத்தப் புற்றுநோய் சில மாதங்களுக்குள் உயிரைக் கொண்டுபோய்விடும். 1947ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர் அமினாப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்தபோது, சில குழந்தைகளிடம் அந்நோய் தற்காலிகமாகவேனும் அடங்கியது. இன்றோ, அவ்வகை இரத்தப் புற்றுநோய்களுள் குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படுவதற்கு, வசதி நிறைந்த மையங்களில் முழுமையாகச் சிகிச்சை பெறுவோருள் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் பிழைக்கின்றனர். இடைப்பட்ட காலத்தில் குழந்தைகள் அனைவரும் நல்வினையோடு பிறக்கத் தொடங்கிவிட்டனர் என்று எவரும் கூறமாட்டார். மாறியவை சூழல்களே. ‘எல்லாம் வினைப்பயன்’ என்று அன்றே கைகட்டி அமர்ந்திருந்தால் அச்சூழல்கள் மாறியிரா.

அம்மருந்தை உருவாக்கிய ஆய்வுக் குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது. சென்னை மாகாணமாக இருந்த காலத்தில் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் அவர். உடன்பிறந்தாரை நோய்க்குப் பறிகொடுத்தவர். வறுமையிலிருந்த அவரது படிப்பு நண்பர்களாலும், பின்னர் மாமனாரான பெரியவராலும் நிறைவேறிற்று. 1923இல் அமெரிக்கா சென்றார், 1948இல் மறைந்தார். ஓர் ஏழை மாணவனுக்குச் சிலர் செய்த உதவி, எத்தனையோ நாட்டுக் குழந்தைகளுக்கு மருந்தாகத் திரும்பியது.

அதே 1923ஆம் ஆண்டில்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயால் இறந்தார். அத்துயரத்தைக் கண்ட முத்துலட்சுமி அம்மையார் ‘விதி’ என்று ஓய்ந்துவிடவில்லை. ஆண்டுகள் பல முயன்று, மாதர் சங்கத்தின் வாயிலாக நிதி திரட்டினார். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18ஆம் நாள் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் தொடங்கியது. அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 2021இல் மறைந்த டாக்டர் சாந்தாவும் தம் வாழ்நாளையே அதற்கு ஈந்தனர். ஓர் இளம்பெண்ணைக் காக்க இயலாமற்போன துயரம், பிறரைக் காக்கும் அறமாக மாறியது. துன்பத்திற்குக் காரணம் தேடுவோர்க்கும் துன்பத்தைக் கண்டு கடமை தேடுவோர்க்கும் உள்ள வேற்றுமை இதுவே.

மூன்றாவது விடை நம்மை நோக்கியே திரும்புகிறது. தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில் உமாசுவாமிகள், பிறருக்குத் துன்பமும் சோகமும் விளைவிப்பதை அசாதா வேதனீயம் வந்து சேரும் வாயிலாகக் காட்டுகிறார்; இரக்கமும் தானமும் சாதா வேதனீயத்தின் வாயில்கள் என்கிறார். எனவே நோயுற்ற பிள்ளையின் தாய் கேட்கும்படி ‘வினை’ என்று பேசுபவர், அத்தாயின் பழைய வினையை அறிந்தாரோ இல்லையோ, தமக்கென ஒரு புதுவினையைக் கட்டிக்கொள்கிறார். உயிர்கள் ஒன்றற்கொன்று உதவுவதே அவற்றின் தொழில் என்று அந்நூலின் ஐந்தாம் அத்தியாயம் கூறுவதும் நாம் அறிந்ததே. நோயுற்ற முனிவரிடம் அருவருப்பின்றித் தொண்டு செய்த உத்தாயண மன்னனை நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் ஒன்றிற்கு எடுத்துக்காட்டாக ஆன்றோர் வைத்தனர். நோயாளிக்கு ஆற்றும் தொண்டு நற்காட்சியோடே பிணைக்கப்பட்டிருக்க, அதற்கு வினைக் கொள்கை எங்ஙனம் தடையாகும்?

ஆயினும் உதவுவது என்று முடிவு செய்த பின்னரும் ஓர் ஆபத்து உண்டு. நமது திருவண்ணாமலையிலேயே ஒரு நிகழ்வு. 1949ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இரமண மகரிஷியின் இடக்கையில் கட்டி தோன்றியது. புற்று எனத் தெரிந்தது. அவ்வாண்டில் நான்கு முறை அறுவை செய்யப்பட்டது. அன்பர்கள் ஒவ்வொருவரும் தத்தமக்கு நம்பிக்கையான மருத்துவம் வேண்டும் என விரும்ப, பலவகை மருத்துவங்கள் நடந்தன. 1950 ஏப்ரல் 14இல் அவர் உடல் நீத்தார். சூழ்ந்து நின்று அழுத அன்பர்களுக்கு நோயாளியாகிய அவரே ஆறுதல் கூறியதாக உடனிருந்தோர் எழுதியுள்ளனர். அவர் எழுபது வயதுத் துறவி, தாங்கினார். இருபது வயதுப் பிள்ளையிடம், வருவோர் போவோரின் கண்ணீரையும் அறிவுரைகளையும் தாங்குமாறு நாம் எதிர்பார்க்கலாமா? நம் உதவி நோயாளிக்காகவா, நம் மனநிறைவுக்காகவா என்று நம்மையே கேட்டுக்கொள்ளுதல் நலம்.

இனி, செயலுக்கு வருவோம். திருவண்ணாமலையிலிருந்து வேலூர் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். சென்னை அதனினும் இருமடங்குக்கு மேல். இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை ஓரிரு மாதங்களில் முடிவதன்று. அதன் ஒரு வகைக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் வேண்டும். முதல் வாரத்தில் நூறு பேர் பார்க்க வருகிறோம். இரண்டாம் ஆண்டில், விடியற்காலைப் பேருந்துக்குத் தாயும் பிள்ளையும் தனியே நிற்கின்றனர். செலவும் அலைச்சலும் தாங்காமல் சிகிச்சையை நடுவில் விட்டுவிடும் குடும்பங்கள் நம் நாட்டில் பல. அங்ஙனம் நேராமல் காப்பதே ஔஷத தானத்தின் உண்மையான அளவு. பத்துக் குடும்பங்கள் மாதம் ஒன்றுக்கு ஒரு குடும்பம் என முறைவைத்து உடன்செல்லலாம். வருமான வரம்புக்கு உட்பட்ட குடும்பமாயின், ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை உதவும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திற்குரிய தாள்களைப் படித்தவர் ஒருவர் அலைந்து பெற்றுத் தரலாம்.

குருதி தருவதிலும் முறை வேண்டும். குருதித் தட்டணுக்களைச் சுமார் ஐந்து நாட்களே சேமித்து வைக்க இயலும். ஆதலின் ஒரே நாளில் ஐம்பது பேர் செல்வதினும், மருத்துவமனை கேட்குந்தோறும் இருவர் செல்வது பயனுடையது. குருதி மூலச்செல் மாற்று தேவைப்படும் நோயாளிக்கு, உடன்பிறந்தார் ஒருவரது திசு முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பே உண்டு. அடுத்தபடியாக, ஒரே மரபுவழியில் வந்தோரிடம் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு மிகுதி. தமக்குள்ளேயே மணவினை செய்துவரும் நம்மைப் போன்ற சிறு சமுதாயத்தார் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். சென்னையில் 2009இல் தொடங்கப்பெற்ற ‘தாத்ரி’ போன்ற பதிவகங்களில் நம் இளைஞர்கள் பெயர் பதிவதற்குக் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்தாலே போதும். நம் உடம்பில் மீண்டும் ஊறிவிடும் ஒன்றை அளித்து ஓர் உயிரைக் காக்க வாய்த்தால், அதனினும் சிறந்த அபயதானம் எது?

கூறுவதற்குத் தயக்கமான ஒன்றையும் கூறியாக வேண்டும். நம் இல்லங்கள் பல, நோயை மறைக்கின்றன. தங்கைக்கு வரன் அமையாது என்னும் அச்சமே காரணம். புற்றுநோய் தொற்றுவதன்று. இளவயதினர்க்கு வருவனவற்றுள் பெரும்பான்மை பரம்பரையாக வருவனவும் அல்ல. மறைத்த வீட்டுக்கு உதவ எவராலும் இயலாது. அவர்களை மறைக்கச் செய்தது நமது நாவேயாயின், பின்னர் நாம் அனுப்பும் காசோலை அந்தக் குற்றத்தை நீக்காது.

மருந்து பயன்தராத நிலையும் சில வேளை வரலாம். சல்லேகனைக்கு உரிய தருணங்களுள் ஒன்றாக, தீர்வற்ற நோயைச் சமந்தபத்திர ஆசாரியர் குறித்தார். தீர்வு உள்ளவரை அதனை நாடுக என்பதும் அதனுள் அடங்கும் அன்றோ? ஆதலின் பிழைக்க வழியுள்ள பிள்ளையிடம் துறவு பேசுதல் தகாது. வழியில்லை என்று மருத்துவர் கூறிய பின்னரும் வலி தணிக்கும் மருந்தும், அருகிருந்து கைப்பற்றும் ஒருவரும் தேவை. உதவி தோற்றது என்று அப்போதும் கருதற்க. அப்பிள்ளையின் உள்ளத்தில் அச்சம் ஒரு பிடியேனும் குறைந்திருப்பின் அபயதானம் நிறைவேறியதே.

இறுதியாக ஒன்று. நம் பிள்ளையின் படுக்கைக்கு அடுத்த படுக்கையில், பெரிய உறவினர் கூட்டம் இல்லாத வேறொரு பிள்ளை படுத்திருக்கும். நாம் கொண்டு செல்லும் காய்ச்சி ஆற்றிய நீரிலும் கஞ்சியிலும் அப்பிள்ளையின் தாய்க்கும் ஒரு பங்கு இருக்கட்டும். அகிம்சை குலம் கேட்டு நிற்பதில்லை. வினை அவரவருடையது, அதனை அறிய நமக்குக் கண் இல்லை. கடமை நம்முடையது, அது கண்ணெதிரே இருக்கிறது. சிந்திப்போமாக.

அறம் வாழ்க!